திருத்தம் யாருடையது?

நியூயார்க்கில் மேக்னம் புகைப்பட அமைப்பின் இருட்டறையில் பல்லாண்டுகள் அச்சுப் போட்டவர் பாப்லோ இனிரியோ. அவர் வேலைக்காகக் குறிப்பெழுதி வைத்திருந்த மாதிரி அச்சுகள் சில பின்னாளில் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று டென்னிஸ் ஸ்டாக் 1955இல் எடுத்த நடிகர் ஜேம்ஸ் டீனின் படம். மழையில் நனைந்த டைம்ஸ் சதுக்கம், நீளக் கோட்டு, குறுக்கிய தோள்கள், உதட்டில் சிகரெட். எத்தனையோ சுவர்களில் தொங்கும் படம். இனிரியோவின் மாதிரி அச்சில் அதன் மேல் கோடுகளும் வளையங்களும் எண்களும் மொய்க்கின்றன. இந்த இடத்துக்கு இத்தனை வினாடி ஒளி கூட்ட வேண்டும், அந்த இடத்துக்கு இத்தனை வினாடி குறைக்க வேண்டும் என்று படத்தின் ஒவ்வொரு மூலைக்கும் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

நெகடிவ் ஸ்டாக்குடையது. நாம் பார்த்துப் பழகிய படமோ அந்த நெகடிவின் மேல் எடுக்கப்பட்ட சின்னச் சின்ன முடிவுகளின் தொகை. அந்த முடிவுகள் தாளில் கையால் எழுதப்பட்டிருப்பதால் தொழில் தெரிந்த எவரும் அவற்றைப் படித்துக்கொள்ளலாம். என்லார்ஜர் வேறாக இருக்கலாம், தாள் வேறாக இருக்கலாம். நாலைந்து சோதனை அச்சுப் போட்டுப் பார்த்தால் அந்தப் படத்தை நெருங்கிவிட முடியும். எழுதிய பேனாவைச் செய்த கம்பெனி மூடப்பட்டாலும் எழுத்து அப்படியேதான் இருக்கும்.

கணினியில் வேலை செய்பவர்களுக்கு இந்த உறுதி கிடையாது. பலருக்கு அது உறைத்த நாள் 2014 ஜூன் 27. தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கென்று தான் உருவாக்கிய அபெர்ச்சர் மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று ஆப்பிள் நிறுவனம் அன்று சொன்னது.

அபெர்ச்சர் 2005 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் விற்பனைக்கு வந்தது. விலை 499 டாலர். அதுவரை இந்தத் தொழிலின் முதன்மைக் கருவியாக இருந்த போட்டோஷாப், ஒரே படத்தை எதிரே வைத்துக்கொண்டு பொறுமையாக இழைப்பதற்கு ஏற்றது. ஒரே நாளில் இரண்டாயிரம், மூவாயிரம் பதப்படுத்தாத ரா ஃபைல்களோடு வீடு திரும்பும் கல்யாணப் புகைப்படக்காரருக்கும் விளையாட்டுப் புகைப்படக்காரருக்கும் தேவை வேறு. முதலில் கழிக்க வேண்டும், பிறகு தேர வேண்டும், பிறகு ஒப்பிட வேண்டும். திருத்தம் அதற்கப்புறம்தான். அபெர்ச்சர் இந்த வேலை முழுவதையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. அடுத்தடுத்த நொடிகளில் எடுத்த படங்களை அதுவே அடுக்காகச் சேர்த்துத் தரும். அந்த அடுக்கில் எதை மேலே வைப்பது என்று நீங்கள் தேர்ந்தால் போதும். லூப் என்ற உருப்பெருக்கியைப் படத்தின் மேல் நகர்த்தினால் மணப்பெண்ணின் கண்ணிமை கூர்மையாக விழுந்திருக்கிறதா, மூக்கு நுனி கூர்மையாகி இமை மங்கிவிட்டதா என்று படத்தைப் பெரிதாக்காமலே பார்த்துவிடலாம். லைட் டேபிள் என்ற வெற்றுப் பரப்பில் படங்களை இஷ்டம்போல் பரப்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தொகுப்பின் ஓட்டத்தை யோசிக்கலாம். ஸ்லைடுகளை ஒளிப்பெட்டிமேல் பரப்பி வேலை செய்து பழகிய ஒரு தலைமுறைக்கு அது சொந்த மேசைபோல இருந்தது. போட்டியாளரான அடோபி லைட்ரூமின் சோதனைப் பதிப்பு 2006 ஜனவரியில்தான் வந்தது.

முதல் பதிப்பில் குறைகள் இருந்தன. ரா ஃபைலை அது படமாக்கிய விதத்தை விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். சில மாதங்களுக்குள் விலை 299 டாலருக்கு இறங்கியது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பின் விலை 199. 2010இல் வந்த மூன்றாம் பதிப்புதான் பலருக்கும் பிடித்துப்போனது. தூரிகையால் தேய்த்து, வேண்டிய இடத்தை மட்டும் வெளுப்பாக்கவோ கருப்பாக்கவோ முடிந்தது அதில்தான். 2011 ஜனவரியில் மேக் ஆப் ஸ்டோரில் அது 80 டாலருக்குக் கிடைத்தது.

இந்த மென்பொருளின் உள்ளே திருத்தம் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லாமல் அதன் பயனர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பதை விளக்க முடியாது. ரா ஃபைல் என்பது கேமராவின் சென்சார் அளந்த ஒளியின் அளவுகள். அதை அபெர்ச்சர் தொடவே தொடாது. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு தூக்கு, இடப்பக்கத்தை இவ்வளவு வெட்டு, கன்னத்தில் இந்த வழியாகத் தூரிகையை ஓட்டு என்ற கட்டளைகளை மட்டும் தனியே சின்ன ஃபைலாக எழுதிவைக்கும். திரையில் தெரியும் படம், மூலத்தின் மேல் அந்தக் கட்டளைகளை அந்தந்த நேரத்தில் ஓட்டிக் காட்டுவது. ஒரே மூலத்திலிருந்து கறுப்பு வெள்ளையில் ஒன்று, வண்ணத்தில் ஒன்று, சதுரமாக வெட்டியது ஒன்று என்று எத்தனை வடிவம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வட்டில் அதிக இடம் பிடிக்காது. பத்து வருடம் கழித்து மனம் மாறினால் ஒரே ஒரு கட்டளையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூலம் பழுதாகாமல் திருத்தும் இந்த முறை புகைப்படத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய வரம் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அந்தக் கட்டளைகளைப் படிக்கத் தெரிந்தது ஒரே ஒரு மென்பொருளுக்கு. நிழலை 30 அளவு தூக்கு என்றால், எந்த அளவு இருட்டை நிழல் என்று கணக்கில் எடுப்பது, எங்கே தொடங்கி எங்கே மெல்லத் தணிவது, வண்ணத்தை அதற்கேற்ப எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் அந்த நிரலின் உள்ளே இருக்கும் கணிதம். இன்னொரு மென்பொருளில் 30 என்று போட்டால் வேறொரு படம் வரும்.

அறிவிப்பு வந்ததும் வெளியே இருந்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: வேறொன்றுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே? கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. மாறியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். 2014 முடிவதற்குள் லைட்ரூமிலேயே அபெர்ச்சர் தொகுப்பை இறக்கும் வசதி வந்தது. மூலப் படங்கள் வந்தன, குறிச்சொற்கள் வந்தன, நட்சத்திர மதிப்பீடுகள் வந்தன. திருத்தங்கள் வரவில்லை. திருத்திய படம் எப்படி இருந்தது என்று காட்டும் முன்னோட்டப் பிரதியை வேண்டுமானால் கூடவே எடுத்துவரலாம் என்பதே அங்கிருந்த சலுகை. ஆப்பிள் தன் பங்குக்கு 2015 ஏப்ரல் 8 அன்று போட்டோஸ் செயலியை வெளியிட்டு, அபெர்ச்சரைக் கடையிலிருந்து எடுத்தது. குடும்பப் படங்களை வைத்துக்கொள்ள நல்ல செயலி அது. திருத்தங்களின் தோற்றம் பெரும்பாலும் அதில் தப்பித்தது. ஆனால் ஒன்றிலிருந்து ஐந்துவரை போட்டுவைத்த நட்சத்திரங்கள் வெறும் குறிச்சொற்களாகச் சுருங்கிப்போயின. பத்து வருடம் உட்கார்ந்து தேறியதும் தேறாததும் என்று பிரித்த ஒருவருடைய தீர்ப்புகள் அவை. தொழில்முறைப் புகைப்படக்காரரின் வேலையில் பாதி எடுப்பது என்றால், மீதிப் பாதி இப்படிக் கழிப்பது.

இன்னொரு வழியும் இருந்தது. திருத்திய ஒவ்வொரு படத்தையும் முழு அளவில் டிஃப் ஃபைலாக எழுதிவிடுவது. 24 மெகாபிக்சல் படம் ஒன்றை 16 பிட்டில் சுருக்காமல் எழுதினால் சுமார் 144 மெகாபைட் பிடிக்கும். பத்தாயிரம் படங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை டெராபைட். இடத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் டிஃப்பில் எழுதியபின் திருத்தம் இறுகிவிடுகிறது. பிரித்துப் பார்க்கவோ ஒரு பகுதியை மட்டும் திரும்ப யோசிக்கவோ வழியில்லை. புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவெழுச்சிப் படத்தை வாழ்நாளெல்லாம் அச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். முற்காலத்து அச்சுகளில் வானத்தில் மேகங்கள் தெரிகின்றன. பிற்காலத்து அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிடுகிறது. ஒரே நெகடிவ்தான், அதைப் பார்க்கும் மனிதர்தான் மாறிக்கொண்டே வந்தார். அப்படி மாறுவதற்கான உரிமையைத்தான் அபெர்ச்சரின் திருத்தக் கட்டளைகள் அதன் பயனர்களுக்கு வைத்திருந்தன.

ஒரு பழைய முடிவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கோடாக்ரோம் பிலிமை நிறுத்துவதாகக் கோடாக் 2009 ஜூனில் அறிவித்தது. அதைக் கழுவித் தந்த உலகின் கடைசிக் கூடம் கான்சாஸ் மாநிலம் பார்சன்ஸில் இருந்த டுவைன்ஸ் போட்டோ. அங்கேயும் 2010 டிசம்பர் இறுதியோடு சுருள்களை வாங்குவது நின்றது. அப்போதும் மக்கள் அழுதார்கள், மீதமிருந்த சுருள்களை அவசர அவசரமாக அனுப்பினார்கள். ஆனால் ஏற்கெனவே கழுவிய ஸ்லைடுகளுக்கு எதுவும் நேரவில்லை. இருட்டான பெட்டியில் வைத்தால் அவற்றின் வண்ணம் பல பத்தாண்டுகள் நிற்கும். கோடாக்ரோமின் மறைவு வரப்போகும் படங்களைத்தான் பறித்தது. மென்பொருளின் மறைவோ பின்னோக்கிக் கைநீட்டி, முடிந்த வேலையையும் முடியாததாக்குகிறது. பயனர்களின் கோபத்தில் இருந்த புதிய வலி இதுதான் என்று நினைக்கிறேன். பிலிமை இழந்தவர்களுக்கு இது நேர்ந்ததில்லை.

கோபம் தணிந்தபின் ஒரு பகுதியினர் விடாப்பிடியாக நின்றார்கள். இவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. கடைசியாக அபெர்ச்சர் ஓடிய இயங்குதளம் 2018இல் வந்த மொஹாவி. அடுத்த ஆண்டு கேடலினா வந்தபோது கதவு மூடிவிட்டது. ஆகவே மொஹாவி ஓடும் கணினி ஒன்றைத் தனியே எடுத்துவைத்து, அதற்கு மேம்படுத்தல் எதுவும் செய்யாமல், அபெர்ச்சருக்காக மட்டும் வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ரெட்ரோஆக்டிவ் என்று ஒரு சிறு நிரலை ஒருவர் எழுதி வெளியிட்டார். கேடலினாவிலும் அபெர்ச்சரைத் திறக்க அது வழி செய்தது. உருவாக்கிய நிறுவனம் கைகழுவிய பொருளை வெளியாள் ஒருவர் தன் நேரத்தைச் செலவிட்டுக் காப்பாற்றித் தந்த வேலை அது. 2024 நவம்பரில், லித்துவேனியாவின் வில்னியஸைச் சேர்ந்த பிக்சல்மேட்டர் குழுவை ஆப்பிள் வாங்கப்போவதாகச் செய்தி வந்ததும், பத்து வருடத்துக்கு முந்தைய பயனர்கள் சிலர் அபெர்ச்சர் திரும்ப வருமா என்று மறுபடி பேசத் தொடங்கினார்கள். இவர்களைப் பழமையில் ஊறியவர்கள் என்று ஒதுக்குவது தவறு. தங்கள் ஆவணத்தைத் திறக்கும் ஒரே சாவியை அவர்கள் பத்திரப்படுத்துகிறார்கள். அருங்காட்சியகங்கள் செய்ய வேண்டிய வேலையைத் தனியாட்கள் வீட்டு மேசையில் செய்கிறார்கள்.

அபெர்ச்சரை விட்டு வந்தவர்களில் பலர் லைட்ரூமில் தஞ்சம் புகுந்தார்கள். 2015 ஏப்ரலில் வந்த லைட்ரூம் 6தான் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு. 2017 இறுதியோடு அதற்கும் மேம்படுத்தல் நின்றது, இனி மாதச் சந்தாதான் என்றாயிற்று. 2018 நவம்பர் 30க்குப் பிறகு அதிலிருந்த வரைபடப் பகுதி வேலை செய்யவில்லை. மூன்று வருடத்தில் இரண்டாம் தடவை மூட்டை கட்ட வேண்டிய நிலை. சந்தா முடிந்துபோனாலும் இருக்கும் தொகுப்பைத் திறந்து பார்க்கவும், படங்களை வெளியே எடுக்கவும் அடோபி விடுகிறது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் பூட்டிக்கொள்ளும்.

எல்லா முடிவுகளும் இப்படி முடிந்துவிடவில்லை. நிக் கலெக்‌ஷன் என்ற வடிகட்டித் தொகுப்பு ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் செய்பவர்களுக்கு அதிலுள்ள சில்வர் எஃபெக்ஸ் கையோடு ஒட்டிய கருவி. அதை உருவாக்கிய நிறுவனத்தைக் கூகுள் 2012இல் வாங்கியது, 2016இல் தொகுப்பை இலவசமாக்கியது, 2017 மே மாதம் இனி வளர்ச்சி இல்லை என்றது. பயனர்கள் கைவிட்டுவிட்ட நிலையில், அதே ஆண்டு அக்டோபரில் பிரான்சின் டிஎக்ஸ்ஓ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. தொகுப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது, புதிய பதிப்புகள் வருகின்றன. தனக்கு வேண்டாததை வேண்டுகிறவர் கையில் ஒப்படைக்க ஒரு பெரிய நிறுவனத்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

எந்த நிறுவனமும் ஒரு மென்பொருளைக் காலமெல்லாம் நடத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2014இல் உலகின் படங்கள் தொலைபேசிக்கு நகர்ந்துவிட்டிருந்தன. தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கான ஒரு கருவிக்கு இனி ஆட்களை ஒதுக்குவதில்லை என்ற முடிவு வியாபாரக் கணக்கில் தவறாகாது. மூடட்டும். ஆனால் மூடும்போது, அந்தக் கருவியின் மொழியில் மற்றவர்கள் எழுதிவைத்ததைப் படிப்பதற்கான அகராதியையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டு போக உரிமை உண்டா? அபெர்ச்சரின் நிரல் பொதுவில் வைக்கப்படவில்லை. மென்பொருள் அவர்களுடையது, சரி. அதில் பதிந்த திருத்தம் புகைப்படக்காரருடையது. அவர் பார்வையும் உழைப்பும் இரவுத் தூக்கமும் அதில்தான் இருக்கின்றன.

தமிழில் புத்தகமும் பத்திரிகையும் போட்டவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டாம். 1990களிலும் அதற்குப் பின்னும் நம் சிறுபத்திரிகைகள் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில்தான் கோக்கப்பட்டன. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கதையும் கவிதையும் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாக வந்து நிற்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு வந்தது 2001இல். அந்தக் காலத்து எழுத்துகளை இன்று யூனிகோடுக்கு மாற்றி எடுக்க முடிகிறதென்றால், எந்தக் குறி எந்த எழுத்தைக் குறிக்கிறது என்ற அட்டவணை பலர் கைக்கும் கிடைத்திருந்ததும், ஆர்வலர்கள் உட்கார்ந்து மாற்றிகள் எழுதியதும்தான் காரணம். அட்டவணை இருந்ததால் எழுத்து பிழைத்தது. அபெர்ச்சரில் திருத்திய படத்துக்கு அப்படி ஓர் அட்டவணை யார் கையிலும் இல்லை.

இருக்க முடியாத ஒன்றையும் நான் கேட்கவில்லை. டார்க்டேபிள் என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்குபவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு திருத்தும் முறை பழசாகிப் புதியது வந்தாலும், பழைய முறையின் நிரலை உள்ளேயே விட்டுவைக்கிறார்கள். புதிய படத்துக்கு அதை எடுத்துப் பயன்படுத்தும்படி முன்னால் வைப்பதில்லை. ஆனால் அந்த முறையில் முன்பு திருத்திய படத்தைத் திறந்தால் அன்று தெரிந்தபடியே தெரியும். முழு நிரலும் பொதுவில் இருப்பதால், நாளை அந்தக் குழு கலைந்தாலும் கணிதம் காணாமல்போகாது. பெரும் பணமில்லாத தன்னார்வலர்களால் செய்ய முடிந்ததைச் செய்ய, பெரும் நிறுவனங்களுக்கு மனம்தான் வேண்டும்.

வளர்ச்சியை நிறுத்தும் நாளன்று, திருத்தக் கட்டளைகளின் கணிதத்தையாவது பொதுவில் வைப்பது என்ற நிபந்தனை விற்பனை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். புகைப்படக்காரர்களின் சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. ஆவணக் காப்பகங்களும் பத்திரிகை நிறுவனங்களும் மொத்தமாக உரிமம் வாங்கும்போது கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டிவரும். தனியாளாகக் கேட்டால் யாருக்கும் காது கேட்காது.

அது நடக்கும்வரை உங்கள் வேலையை நீங்களே காத்துக்கொள்ளுங்கள். புதிய மென்பொருள் வாங்கும் முன் அது என்னென்ன செய்யும் என்று கேட்பதோடு, அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்றும் கேளுங்கள். உங்களுக்கு முக்கியமான ஐம்பது, நூறு படங்களை இந்த மாதமே டிஃப்பாக எழுதி, இரண்டு வட்டுகளில் தனித்தனி இடத்தில் வையுங்கள். ஏன் அந்த வானத்தை இருட்டாக்கினீர்கள், அந்த முகத்தை ஏன் தூக்கினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.